சிங்கப்பூரில் வேலைச் சட்ட வழக்கறிஞர் ஆவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கக் கல்லூரி மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், மனிதவளப் பிரிவில் வேலை செய்பவர்கள், தமிழ்நாட்டில் சட்டம் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளியவை மேலே, சிக்கலானவை கீழே. தொகை வரம்புகளும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன்னும் விண்ணப்பம் போடும் முன்னும் அந்தந்த அமைப்பின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எம்ப்ளாய்மென்ட் லாயர் ஆக தனிப் படிப்பு இருக்கா? தனி லைசென்ஸ் வாங்கணுமா?

இரண்டும் இல்லை. விவாகரத்து வழக்கு நடத்துபவருக்கும் கப்பல் வழக்கு நடத்துபவருக்கும் வேலைத் தகராறு பார்ப்பவருக்கும் அனுமதி ஒன்றுதான். எல்லோரும் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்க்கப்பட்டவர்கள், ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிப்பவர்கள். ஏப்ரல் 1-ல் தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31-ல் முடிவது அந்தச் சான்றிதழின் ஆயுள்.

பிறகு எப்படி ஒருவர் ‘வேலைச் சட்ட வழக்கறிஞர்’ ஆகிறார்? கையில் எடுத்த கோப்புகளால்தான். நாலைந்து ஆண்டுகள் பணிநீக்கம், சம்பள பாக்கி, போட்டித் தடை ஒப்பந்தம், ஆட்குறைப்பு என்றே பார்த்தவரை மற்ற வழக்கறிஞர்களே அந்தப் பெயரால் அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏ லெவல் முடிச்சதும் எங்க சேரணும்? சட்டத்துக்குன்னு தனி சப்ஜெக்ட் எடுத்திருக்கணுமா?

உள்ளூரில் மூன்று இடங்கள்: என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யூ (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்), எஸ்யூஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்). என்யூஎஸ் சட்டப் பிரிவு மூன்றிலும் மூத்தது, 1957-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. எஸ்எம்யூ சட்டப் பள்ளி 2007-ல் வந்தது. எஸ்யூஎஸ்எஸ் சட்டப் பள்ளி 2017-ல் குற்றவியலையும் குடும்பச் சட்டத்தையும் மையமாக வைத்துத் தொடங்கியது. என்யூஎஸ், எஸ்எம்யூ இரண்டிலும் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள்.

பள்ளியில் சட்டம் என்ற பாடம் படித்திருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் நன்றாக இருந்து, ஆங்கிலத்தில் கோவையாக எழுதவும் பேசவும் வர வேண்டும். முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. ‘ஏன் சட்டம்?’ என்ற கேள்விக்கு ‘ஏழைகளுக்கு உதவ’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த கேள்வியிலேயே திணறுவீர்கள். ஏதாவது ஒரு வழக்கையோ சட்ட மாற்றத்தையோ படித்து, அதன் இரு பக்கத்தையும் பேசத் தெரிந்திருப்பது நல்லது.

பாலிடெக்னிக்ல படிக்கிறேன். எனக்குக் கதவு மூடியாச்சா?

மூடவில்லை, குறுகலாக இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களையும் சட்டப் பள்ளிகள் எடுக்கின்றன, ஆனால் மதிப்பெண் மிக உயரமாக இருக்க வேண்டும். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டமும் மேலாண்மையும் சேர்ந்த பட்டயப் படிப்பு இருக்கிறது. அதை முடித்துச் சட்ட நிறுவனங்களில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞருக்குத் துணை செய்யும் சட்ட உதவியாளராக, சேர்பவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு அந்த வேலையைப் பார்த்துவிட்டு எஸ்யூஎஸ்எஸ்-க்கு விண்ணப்பிப்பது வீணான வழி என்று நினைக்க வேண்டாம். வேலை உலகைப் பார்த்துவிட்டு வருபவர்களையும் மனத்தில் வைத்து அமைத்த படிப்பு அது.

எல்எல்பி முடிச்சாச்சு. இனி லாயர் தானே?

இல்லை. சட்டப் பட்டதாரி, அவ்வளவுதான். அடுத்தது பார்ட் பி எனப்படும் தேர்வு. சிங்கப்பூர் சட்டக் கல்விக் கழகம் இதற்கான பாடத்தையும் தேர்வையும் ஆண்டின் பிற்பாதியில் நடத்துகிறது. குடிமை வழக்கு நடைமுறை, குற்றவியல் நடைமுறை, தொழில் ஒழுக்கம் போன்றவை இதில் வரும். பல்கலைக்கழகத்தில் ‘சட்டம் என்ன சொல்கிறது’ என்று படித்தவருக்கு, ‘எந்தப் படிவத்தை எத்தனை நாளுக்குள் யாரிடம் தாக்கல் செய்வது’ என்று கற்றுக்கொடுக்கும் இடம் இது.

அதோடு ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி. முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2024 பார்ட் பி அணியிலிருந்து ஒரு முழு ஆண்டு. பழைய அண்ணன் அக்காமார் ‘ஆறு மாசம்தான்’ என்று சொல்வது அவர்கள் காலத்துக் கணக்கு. அதே மாற்றத்தில் இன்னொன்றும் வந்தது. பார்ட் பி தேறி, பயிற்சியை முடிக்காதவர்களும் ‘நான்-பிராக்டிஷனர்’ என்ற வகையில் வழக்கறிஞராகச் சேர்க்கப்படலாம். நிறுவனங்களின் உள்பிரிவில் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது வசதி. கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமென்றால் பயிற்சி கட்டாயம்.

நாலாண்டுப் படிப்பு, பார்ட் பி, ஓராண்டுப் பயிற்சி என்று கூட்டினால் ஏறக்குறைய ஐந்தரை ஆண்டுகள். பையன்களுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளை இங்கிலாந்துக்கு அனுப்பலாம்னு பார்க்கிறோம். எந்த யூனிவர்சிட்டினாலும் சரிதானே?

சரியில்லை. இங்கேதான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது. சிங்கப்பூர் ஒப்புக்கொள்ளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து குறிப்பிட்ட சில மட்டுமே அதில் உள்ளன. பட்டியல் அவ்வப்போது சுருங்கும், விரியும். 2016-ல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் 19-லிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டன. சேரும் ஆண்டில் எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட் காட்டும் பழைய துண்டறிக்கையை நம்பாதீர்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. முழுநேரமாக அங்கேயே இருந்து படித்திருக்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தை இங்கிருந்தபடியே படிப்பவர்கள் நிறைய. அறிவுக்கு நல்லது, இங்கே வழக்கறிஞராகச் சேர அது உதவாது. பட்டம் குறைந்தது செகண்ட் லோயர் (இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை) தரத்திலும் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் பார்ட் பி-க்கு முன்னால் பார்ட் ஏ என்ற கூடுதல் தேர்வு காத்திருக்கும். இந்த வழி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

நான் சென்னையில பிஎல் முடிச்சு எட்டு வருஷம் லேபர் கோர்ட்ல பிராக்டிஸ் பண்ணேன். கணவர் வேலை இங்கே. நான் இங்கே வாதாட முடியுமா?

நேரடியாக முடியாது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் மேலே சொன்ன பட்டியலில் இல்லை. வெளிநாட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு உங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆலோசனை சொல்லும் வேலை ஒன்று உண்டு. குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதும் ஒரு வெளிநாட்டு வழக்கறிஞர் தேர்வும் உண்டு, ஆனால் அது நீதிமன்றத்தில் நிற்கும் உரிமையைத் தராது.

எட்டு ஆண்டுத் தொழிலாளர் சட்ட அனுபவத்துக்கு இங்கே உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவு, வேலை உறவுப் பிரிவு ஆகியவை அவை. அங்கே சிங்கப்பூர்த் தொழில் சான்றிதழ் கேட்பதில்லை. வாதாடியே தீர வேண்டும் என்றால் இங்கே மறுபடி படிப்பதுதான் வழி. அதைப் பற்றி 38 வயதுக்காரரின் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

ட்ரெய்னிங்குக்கு எந்த மாதிரி ஃபர்ம்ல சேர்ந்தா இந்தத் துறைக்கு வரலாம்?

பெரிய நிறுவனங்களில் வேலைச் சட்டத்துக்குத் தனிக் குழு இருக்கும், ஆனால் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் முதலாளிகள். அங்கே ஒப்பந்தம் எழுதுதல், ஆட்குறைப்புத் திட்டம், மூத்த அதிகாரி போட்டியாளரிடம் போனதற்குத் தடையுத்தரவு என்று கற்றுக்கொள்வீர்கள். சின்ன நிறுவனங்களில் வேலை, விபத்து, குடும்பம் எல்லாம் கலந்து வரும். தொழிலாளியை நேரில் பார்ப்பது அங்கேதான். நேர்காணலில் ‘போன ஆண்டு எத்தனை வேலைத் தகராறுகள் வந்தன, எந்தப் பக்கத்துக்கு வாதாடினீர்கள்?’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ‘எல்லாம் பார்ப்போம்’ என்று மட்டும் பதில் வந்தால், ஆண்டுக்கு இரண்டு வருகிறது என்று பொருள்.

முதல் ரெண்டு வருஷம் என்ன வேலை குடுப்பாங்க? தினமும் கோர்ட்டா?

காகிதம். வாட்ஸ்அப் செய்திகளை நாள்வாரியாக அடுக்குவது, சம்பளச் சீட்டுகளை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது, கால அட்டவணை எழுதுவது. ‘மேலாளர் வாய்வழியாகச் சொன்னார்’ என்று கட்சிக்காரர் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன்னும் பின்னும் வந்த மின்னஞ்சலைத் தேடுவதும் ஜூனியர் வேலைதான்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் தேதிகள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாள், நோட்டீஸ் தொடங்கும் நாள், கடைசியாக வேலைக்கு வந்த நாள், வேலை உறவு முடிந்த நாள் ஆகிய நான்கும் வேறு வேறாக இருக்கலாம். மீதி விடுப்பை நோட்டீஸ் காலத்திலேயே எடுத்தால் கடைசியாக அலுவலகம் வந்த நாளுக்கும் வேலை முடிந்த நாளுக்கும் இடையே இரண்டு வாரம்கூட இருக்கலாம். காலக்கெடு எதிலிருந்து ஓடுகிறது என்று தவறாக எண்ணினால் நல்ல வழக்கும் செத்துவிடும். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒன்றுமே இல்லாவிட்டால் வேலை நியமனச் சட்டம் ஒரு கணக்குத் தருகிறது: 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு ஒரு நாள், 2 ஆண்டுக்குக் குறைவானால் ஒரு வாரம், 5 ஆண்டுக்குக் குறைவானால் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். இதை மனப்பாடமாக வைத்திருங்கள், தொலைபேசியில் கேட்பார்கள்.

என்னென்ன சட்டம் தெரிஞ்சிருக்கணும்?

அடிப்படை, 1968-ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம். 2019 ஏப்ரல் 1 முதல் சம்பள உச்சவரம்பு நீங்கி மேலாளர்களும் நிர்வாகிகளும் அதற்குள் வந்துவிட்டார்கள். வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் வெளியே. அதன் நான்காம் பகுதி, அதாவது வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் பற்றிய பகுதி, எல்லோருக்கும் கிடையாது. உடலுழைப்புத் தொழிலாளியானால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை.

அதைச் சுற்றி வெளிநாட்டு மனிதவளச் சட்டம், 2019 வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம், ஓய்வு மற்றும் மறுவேலை நியமனச் சட்டம், மத்திய சேம நிதிச் சட்டம், தொழில் உறவுச் சட்டம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, தேசியம், இனம், சமயம், மொழி, கர்ப்பம், உடற்குறை, மனநலம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரானது அது. 25 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. இன்று படிக்கத் தொடங்குபவர் தொழிலுக்கு வரும்போது அதுதான் பெரிய களமாக இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

இவை தவிர முத்தரப்பு வழிகாட்டிகள். அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வெளியிடுபவை. சட்டமாக இல்லாத வழிகாட்டிகளும் உண்டு, ஆனாலும் மனிதவள அமைச்சு அவற்றை வைத்துத்தான் பேசும். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தச் சட்டத்தை ஆழமாகப் படித்தவர்கள் இந்த வழிகாட்டிகளைப் படிக்காமல் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

எனக்குக் கணக்கு வராது, அதனாலதான் சட்டத்துக்கு வரேன். பரவாயில்லையா?

இந்தத் துறைக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் வேண்டும். ஓர் உதாரணம். கட்டுமானத் தொழிலாளி, அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி, மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம். சட்டம் சொல்லும் மணிக்கூலி: 12 × 800 ஐ 52 × 44 ஆல் வகுக்க வேண்டும். 9,600 ÷ 2,288 = ஏறக்குறைய 4.20 வெள்ளி. ஒன்றரை மடங்கு 6.29. அறுபது மணிக்கு 377.62 வெள்ளி.

சில கணக்கர்கள் வழக்கப்படி 800 ஐ 26 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்து, ஒன்றரையால் பெருக்குவார்கள். 346.15 வரும். மாதம் 31.47 வெள்ளி குறைவு. சின்னத் தொகையாகத் தெரிகிறதா? சில்லறையை முழுமையாக்காமல் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 377.62. சம்பளம் எவ்வளவானாலும் இந்த முறையில் ஆண்டுக்கு ஒரு மாத ஓவர்டைம் முழுதாகக் காணாமல் போகும். சம்பளச் சீட்டில் எல்லா வரியும் ஒழுங்காக இருப்பது போலத் தெரிவதால் தொழிலாளியும் கண்டுபிடிப்பதில்லை.

இன்னொரு பொறி: அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா? ஓவர்டைமுக்கும் ஓய்வுநாள் வேலைக்கும் அடிப்படை. நோட்டீஸுக்குப் பதிலான சம்பளத்துக்கு மொத்தம். படிகளைத் தவறான பக்கத்தில் சேர்த்துவிட்டால் உங்கள் கோரிக்கைப் பட்டியல் முழுதும் எதிர்த்தரப்பால் சந்தேகிக்கப்படும்.

இசிடி-ல லாயர் உள்ளேயே போக முடியாதாமே? அப்போ இந்த வேலைக்கு என்ன அர்த்தம்?

பாதி உண்மை. இசிடி என்று எல்லோரும் சொல்லும் வேலைத் தகராறு நடுவர் மன்றம் 2017 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதலில் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சு. அது முறிந்தால் சான்றிதழ் தருவார்கள், நான்கு வாரத்துக்குள் மன்றத்தில் பதிய வேண்டும். இரண்டு இடத்திலும் வழக்கறிஞர் பிரதிநிதியாக நிற்க முடியாது. மன்றம் தொடங்கியபோது வைத்த வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாக வந்தால் 30,000. வேலையில் இருப்பவர் சம்பளத் தகராறை ஓர் ஆண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். தவறான பணிநீக்கம் என்றால் ஒரே மாதம்தான். ‘கம்பெனி பதில் போடட்டும்’ என்று காத்திருந்து அந்த மாதத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம்.

வழக்கறிஞரின் வேலை கதவுக்கு வெளியே நடக்கிறது. கோரிக்கையை எப்படிப் பிரிப்பது, எந்த ஆவணத்தை எந்த வரிசையில் வைப்பது, சமரசத் தொகை நியாயமானதா என்று முன்கூட்டியே தயார் செய்து அனுப்புவார். சட்டக் கேள்வியில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதற்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நிற்கலாம். வரம்புக்கு மேற்பட்ட தொகையானால் நேராகக் குடிமை நீதிமன்றம்: 60,000 வரை மாஜிஸ்திரேட், 250,000 வரை மாவட்டம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். போனஸ், பங்கு ஒதுக்கீடு, கமிஷன் தகராறுகள் பெரும்பாலும் அங்கேதான் முடிகின்றன.

தொழிலாளி பக்கமா, முதலாளி பக்கமா? ரெண்டும் பண்ணலாமா?

விதி தடுக்காது, ஒரே விவகாரத்தில் இரு பக்கமும் கூடாது என்பதைத் தவிர. நடைமுறையில் பல வங்கிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் வங்கி ஊழியரின் வழக்கை எடுக்கத் தயங்கும். கோப்பைத் திறக்கும் முன் முரண்பாட்டுச் சோதனை செய்வது அதற்குத்தான். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் பார்த்தவருக்கு ஒரு லாபம் உண்டு. எதிர்த்தரப்பின் மனிதவள மேலாளர் எந்தக் கடிதத்தை எந்த நாளில் எழுதியிருப்பார் என்று அவரால் ஊகிக்க முடியும்.

ஜெயிச்சா பத்து பெர்சென்ட்னு பேசிக்கலாமா? கிளையன்ட்கிட்ட இப்போ காசு இல்ல.

கூடாது. ஜெயித்த தொகையில் பங்கு கேட்பது இங்கே தடை. 2022-ல் வந்த நிபந்தனைக் கட்டண முறை, அதாவது வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது, ஆர்பிட்ரேஷன் போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டுமே. சாதாரண வேலைத் தகராறுக்கு அது பொருந்தாது. நிலையான தொகையோ மணிக்கணக்கோ முதலிலேயே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பாக்கித் தொகை சிறியதாக இருந்தால் ‘என் கட்டணம் உங்கள் பாக்கியைவிட அதிகமாகும், டிஏடிஎம்-க்கு நீங்களே போங்கள்’ என்று சொல்வதும் தொழில் ஒழுக்கம்தான்.

தமிழ் பேசத் தெரிஞ்சா இந்தத் தொழில்ல ஏதாவது பிரயோஜனம் உண்டா?

நீதிமன்ற மொழி ஆங்கிலம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனாலும் உண்டு, கொஞ்சநஞ்சம் இல்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவுத் துறைகளில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி மேசைக்கு எதிரே உட்கார்ந்து ‘பேசிக் எட்நூறு போட்டாங்கண்ணே, கையில அறுநூறுதான்’ என்று சொல்லும்போது, அந்த ‘போட்டாங்க’ ஐபிஏ கடிதத்தில் போட்டதா, இங்கே வந்த பிறகு கையெழுத்து வாங்கிய தாளில் போட்டதா, ஏஜென்ட் ஊரில் வாயால் சொன்னதா என்று உடனே திருப்பிக் கேட்க வேண்டும். ஐபிஏ என்பது வேலை அனுமதிக்கு முன் அமைச்சு தரும் ஒப்புதல் கடிதம். அதில் முதலாளி அறிவித்த அடிப்படைச் சம்பளம் அச்சாகியிருக்கும். 2017-ல் உயர் நீதிமன்றம், எதிர்ச்சான்று இல்லாதவரை அந்தத் தொகையே உண்மைச் சம்பளம் என்று கொள்ளலாம் என்றது. குறைவாகப் பேசினோம் என்பதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கத் தெரியாமல் கைநழுவிய வழக்குகள் உண்டு.

பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும். தொழிலாளிக்குத் தமிழில் வாசித்து விளக்கியதாக அதில் குறிப்பு வேண்டும். அதை ஓட்டமாக முடித்துவிட்டால், குறுக்கு விசாரணையில் ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்ற முதல் கேள்விக்கே அவர் விழிப்பார். உங்கள் தமிழ் வீட்டுத் தமிழாக மட்டும் இருந்தால் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பேச்சு முதலில் பிடிபடாது. இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் சில மாலைகள் உட்கார்ந்தால் பழகிவிடும்.

எச்ஆர்ல பதினாலு வருஷம். வயசு 38. இப்போ லாயர் ஆகலாம்னு ஆசை. புத்திசாலித்தனமா?

வேறு பட்டம் கையில் இருந்தால், ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான சட்டப் படிப்பாகிய எஸ்எம்யூ-வின் ஜேடி ஒரு வழி, எஸ்யூஎஸ்எஸ் இன்னொரு வழி. அதன்பின் பார்ட் பி, ஓராண்டுப் பயிற்சி எல்லாம் மேலே சொன்னதுதான், வயதுக்குச் சலுகை இல்லை. 43 வயதில் 25 வயதுக்காரர்களோடு பயிற்சியாளராக உட்கார்வீர்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையும். வீட்டுக் கடனைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

உங்களிடம் இருக்கும் பலம் சாதாரணமானதில்லை. ஆட்குறைப்புப் பட்டியல் எப்படித் தயாராகிறது, வேலைத்திறன் மேம்பாட்டுத் திட்டம் எதற்காகப் போடப்படுகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் நீங்கள். ஆனால் முதலாளியின் கண்ணால் மட்டும் பார்த்துப் பழகியதைக் கழற்றி வைக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். வழக்கறிஞர் ஆகாமலே வேலை உறவு நிபுணராக உயர்வதையும் யோசியுங்கள். தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் அப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன.

காண்ட்ராக்ட்ல ‘ஒரு வருஷம் போட்டி கம்பெனிக்குப் போகக்கூடாது’ன்னு இருந்தா அது செல்லாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நேர்காணல்ல கேட்டா என்ன சொல்றது?

‘செல்லாது’ என்று மட்டும் சொன்னால் அங்கேயே தோற்றீர்கள். தொடக்கநிலையில் செல்லாது, ஆனால் காப்பாற்றத்தக்க நலன் ஒன்று இருந்து, தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும். 2007-ல் மேன் ஃபைனான்ஷியல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. போட்டியே கூடாது என்பது காப்பாற்றத்தக்க நலன் இல்லை. வாடிக்கையாளர் தொடர்பு, வணிக இரகசியம், நிலையான பணியாளர் அணி போன்றவை நலன்கள்.

பிறகு காலம், இடம், வேலை வகை. மிகையான தடையை நீதிமன்றம் தானே திருத்தி எழுதித் தராது. சில சொற்களை அடித்தால் மீதி தனியாக நிற்குமா என்று பார்க்கும், நிற்காவிட்டால் முழுதும் விழும். அதனால் முதலாளிக்கு எழுதும்போது ஆசைப்பட்டு இரண்டு ஆண்டு என்று போடுபவர், ஆறு மாதப் பாதுகாப்பையும் சேர்த்து இழக்கிறார். நேர்காணலில் இந்தக் கடைசி வரியைச் சொல்பவரைக் கவனிப்பார்கள்.

அநியாயமா வேலையை விட்டு அனுப்பினா லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கிடைக்கும்தானே? கிளையன்ட் அப்படித்தான் எதிர்பார்ப்பாங்க.

எதிர்பார்ப்பார்கள், நீங்கள்தான் கீழே இறக்க வேண்டும். ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு பொதுவாக நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் ராபின்சன் நிறுவன வழக்கில் இதையே உறுதிப்படுத்தியது. அவமானம், மன உளைச்சல் என்ற தலைப்பில் பெருந்தொகை கேட்டுக் கோரிக்கையை உப்ப வைப்பவர்கள், தோற்றால் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டிய வழக்குச் செலவில் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

இன்னும் தீராத கேள்வியும் இருக்கிறது: முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே பரஸ்பர நம்பிக்கைக் கடமை ஒன்று ஒப்பந்தத்தில் எழுதாமலே உண்டா? 2022-ல் ஷெல் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுப் பிரிவு, இது இன்னும் முடிவாகாத விஷயம் என்றது. இங்கிலாந்து வழக்குகளைப் படித்துவிட்டு வருபவர்கள் ‘உண்டு’ என்று சாதாரணமாக எழுதிவிடுவார்கள். கவனம்.

ஒருத்தர் ‘பத்து வருஷ எம்ப்ளாய்மென்ட் லாயர்’னு சொல்றார். பின்னணியை எப்படிப் பார்க்கிறது?

சட்ட அமைச்சின் கீழுள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா, எந்த நிறுவனம் என்று தெரியும். பிறகு வெளியான தீர்ப்புகளில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலைத் தகராறுகளில் பெரும்பகுதி சமரசத்தில், இரகசிய ஒப்பந்தத்தோடு முடிகிறது. ‘என் வழக்கு மாதிரி எத்தனை பார்த்தீர்கள், எப்படி முடிந்தன?’ என்று நேராகக் கேளுங்கள். பெயர் சொல்லாமலே பதில் சொல்ல முடியும்.

சொந்த ஆபீஸ் எப்போ போடலாம்?

சட்ட நிறுவனத்தில் குறைந்தது மூன்றாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், சட்டத் தொழில் மேலாண்மைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். தொழில் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். மூன்றாண்டில் போடலாம் என்பதற்காகப் போட வேண்டாம். வேலைச் சட்டத்தில் கட்சிக்காரர் ஒருமுறைதான் வருவார், மறுபடி பணிநீக்கமானால்தான் திரும்புவார். மாதாமாதம் வருமானம் தருவது முதலாளிப் பக்க ஆலோசனை, அதைப் பிடிக்க ஆண்டுகள் ஆகும்.

கடைசியா ஒரு சந்தேகம். லாயருக்கே இந்த வேலைச் சட்டம் பொருந்துமா?

சட்ட நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் அசோசியேட் ஊழியர்தான். 2019 மாற்றத்துக்குப் பின் அவருக்கும் வேலை நியமனச் சட்டம் உண்டு. சம்பளம், மருத்துவ விடுப்பு, தவறான பணிநீக்கம் எல்லாவற்றுக்கும் அவரும் டிஏடிஎம்-க்குப் போகலாம். பங்குதாரரானால் கதை வேறு, அவர் ஊழியர் இல்லை.

நான்காம் பகுதி மட்டும் அவருக்கு இல்லை. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து இன்னொருவரின் ஓவர்டைமை மேலே சொன்ன முறையில் கணக்கிடும் ஜூனியருக்கு, அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கிடையாது. பயிற்சிக்குச் சேரும் முன் உங்கள் சொந்த ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம், விடுப்பு, விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய படிப்புச் செலவு ஆகிய மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.